மூன்றில் ஒன்று நின்றால் பரவாயில்லை என்றிருந்தேன்

வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தராசு பிழை காட்டினால் நாமே கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். லொறி நடுவழியில் நின்றால் சாரதியோடு நாமும் இறங்கிப் பார்ப்போம். காசோலை திரும்பினால் வங்கிக்கு நாமே போய் நிற்போம். ஆனால் கணினி என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கிவிடுவோம். "அதெல்லாம் பொடியன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவோம்.

நானும் பல வருடங்களாக அப்படித்தான் இருந்தேன். 2024 ஏப்ரல் 6ஆம் திகதி சனிக்கிழமை அதற்குரிய விலையைக் கொடுத்தேன். அந்த அனுபவத்தை இந்தப் பத்தியில் எழுதுவதற்குக் காரணம் இருக்கின்றது. இன்று எமது வியாபாரிகளில் பலர் பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, கடன் கணக்கு வைப்பது எல்லாவற்றையும் கணினிக்குள் போட்டுவிட்டார்கள். பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கின்றது என்று கேட்டால் உடனே பதில் வரும். கணினியின் சாவி யாரிடம் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது.

மூன்று இயந்திரங்கள் வந்த கதை

எமக்குப் புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம். கண்டியிலும் புத்தளத்திலும் கல்முனையிலும் கிளைகள் இருக்கின்றன. நான்கு இடத்துக்கும் ஒரே இருப்புக் கணக்கு. கண்டியில் ஒரு கட்டுத் துணி விற்றால் கல்முனையில் இருப்பவருக்கு அது அடுத்த நிமிடமே தெரிய வேண்டும். இதற்காகக் கடையின் மேல்மாடியில் ஒரு சேர்வர் வைத்திருந்தோம்.

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். போன மின்சாரம் திரும்பி வந்த ஒரு வேளையில் அந்த ஒரே சேர்வரும் கருகிப்போனது. இரண்டு நாட்கள் நான்கு இடத்திலும் கையால் பில் எழுதினோம். வெளிநாட்டில் சேர்வர் வாடகைக்கு எடுக்கலாம் என்றால் அதற்கு டொலரில் கட்ட வேண்டும். அந்த வருடத்தின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாவையும் தாண்டியிருந்தது.

எனது தங்கையின் மகன் கணினி படித்தவர். அவர்தான் ஒரு யோசனை சொன்னார். பெரிய சேர்வர் ஒன்று வேண்டாம், பாவித்த காரியாலயக் கணினிகள் மூன்றை வாங்கி ஒன்றாக இணைப்போம் என்றார். இப்படி இணைத்த கூட்டத்தைக் கிளஸ்டர் என்றும் அதிலுள்ள ஒவ்வோர் இயந்திரத்தையும் நோட் என்றும் சொல்கின்றார்கள். மூன்றும் ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்யும். ஒன்று படுத்தால் அதன் வேலையை மற்றவை எடுத்துக்கொள்ளும்.

அவர் பாவித்தது டொக்கர் ஸ்வோர்ம் என்ற மென்பொருள். டொக்கர் 2013இல் வெளிவந்தது. பல இயந்திரங்களை ஒரு கூட்டமாக்கி நடத்தும் ஸ்வோர்ம் வசதி 2016இல் அதன் உள்ளேயே சேர்க்கப்பட்டது. இலவசமாகக் கிடைப்பது. எமது அளவுள்ள வியாபாரத்துக்குப் போதுமானது.

மருமகன் எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டு என்னிடம் ஒரு வசனம் சொன்னார். "மாமா, மூனில ஒன்டு நின்டாலும் வியாபாரம் நிக்காது." எனக்கு அந்த வசனம் மிகவும் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. என் பிழை அங்கேதான் தொடங்கியது.

அந்தச் சனிக்கிழமை

2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. துணி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கீழே நாட்டாமிமார் கட்டுகளை இறக்கிய வண்ணம் இருந்தார்கள். நிற்க இடமில்லை.

பதினொரு மணியளவில் மின்சார வேலை செய்பவர் வந்தார். மூன்றாவது இயந்திரத்தின் யூ.பி.எஸ். பற்றரி மாற்ற வேண்டியிருந்தது. "முதலாளி, இந்தப் பெட்டிய நிப்பாட்டலாமா?" என்று கேட்டார். நான் மருமகனின் வசனத்தை நினைத்துக்கொண்டேன். மூன்றில் ஒன்று நின்றால் பரவாயில்லைதானே. "நிப்பாட்டுங்க" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் கல்முனையிலிருந்து தொலைபேசி வந்தது. பில் வரவில்லை. பிறகு கண்டி. பிறகு புத்தளம். கீழே எமது காசாளரும் படியேறி வந்துவிட்டார். முதலாவது இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒளி எரிந்தது, விசிறி சுற்றியது. ஆனால் பில் மட்டும் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஒன்றையும் நிறுத்தி மீண்டும் போட்டேன். பலனில்லை. இன்னொரு தடவையும் அதையே செய்தேன். எமது கணக்குகள் முழுவதும் அந்த இயந்திரத்தின் தட்டில்தான் இருக்கின்றன என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கை நடுங்கியிருக்கும்.

மருமகன் அன்று கண்டிக் கிளைக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் தொலைபேசி எடுபடவில்லை. ஒருவாறாக அவரைப் பிடித்தபோது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கடந்துவிட்டது.

"மாமா, ஒன்டையும் தொடாதீங்க. ரெண்டாவது பெட்டி எப்பிடி ஈக்கிது?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது இயந்திரத்தில் ஒளியே இல்லை.

"அது நேத்து ராவு நான்தான் ஓஃப் பண்ணினேன் மாமா. ஃபேன் மாத்த. இப்ப மூனாவதையும் நிப்பாட்டிட்டீங்க. ஒன்டு மட்டும் தனிய நின்டா அது ஒரு வேலையும் எடுக்காது. மூனாவத உடனே போடுங்க."

பற்றரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மூன்றாவது இயந்திரத்துக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தோம். சில நிமிடங்களில் பில் வந்தது. மொத்தம் 1 மணித்தியாலமும் 20 நிமிடமும் போயிருந்தன.

நேரம் போனதைவிட வேறொன்றுதான் எனக்கு வலித்தது. அந்த இடைவெளியில் கையால் எழுதிய பில்களைப் பின்னேரம் கணினியில் ஏற்றியபோது, ஒரே சரக்கைக் கண்டியிலும் கல்முனையிலும் இரண்டு பேருக்கு விற்றிருந்தது தெரிந்தது. கல்முனை வாடிக்கையாளர் என் வாப்பாவின் காலத்திலிருந்து எம்மிடம் வாங்குபவர். பெருநாளைக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது அவரிடம் "சரக்கு இல்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி நானா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒன்று தனியே நின்றால் ஏன் வேலை எடுக்காது?

பெருநாள் முடிந்ததும் மருமகனை உட்கார வைத்தேன். "எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க மகன்" என்றேன். அவர் எமது வர்த்தகர் சங்கக் கூட்டத்தை உதாரணமாக எடுத்தார்.

சங்கத்தில் கூட்டநடப்பெண் என்று ஒன்று இருக்கின்றது. அரைவாசிக்கு மேற்பட்டோர் வந்தால்தான் தீர்மானம் செல்லும். ஒருவர் மட்டும் கதிரையில் இருந்துகொண்டு தீர்மானம் எழுத முடியாது. கிளஸ்டரிலும் அப்படித்தான். எமது மூன்று இயந்திரங்களும் முகாமையாளர்கள். மூவரும் கூடி ஒருவரைத் தலைவராகத் தெரிவு செய்கின்றார்கள். எந்த வேலையை எந்த இயந்திரத்தில் வைப்பது என்ற கட்டளை தலைவரிடமிருந்துதான் வரும். மூவரில் இருவராவது ஒருவரையொருவர் காண முடிந்தால்தான் தலைவர் இருப்பார். இந்த முறைக்கு ராஃப்ட் என்று பெயர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டியேகோ ஒங்காரோவும் ஜோன் ஊஸ்டர்ஹவுட்டும் வகுத்து 2014இல் வெளியிட்ட முறை அது.

"மிச்சமிருக்குற ஒன்டு தனியச் செஞ்சா என்ன மகன்?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன விளக்கம் வியாபாரிக்கு நன்றாக விளங்கும். இயந்திரங்களுக்கு இடையிலான வயர் மட்டும் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று காணவில்லை. ஒவ்வொன்றும் "மற்ற இருவரும் மௌத்து, இனி நான்தான் தலைவர்" என்று நினைத்துத் தனித்தனியே கணக்கு எழுதத் தொடங்கினால் ஒரே சரக்கு மூன்று இடத்தில் விலைப்படும். அன்று நாம் கையால் பில் எழுதியபோது நடந்தது அதுதானே! இயந்திரம் அந்தப் பிழையைச் செய்யக்கூடாது என்பதற்காகவே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கின்றது.

வெள்ளிக்கிழமை இரவு இரண்டாவது இயந்திரம் நிறுத்தப்பட்டதும் பில் போடும் மென்பொருள் மூன்றாவதில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதை நான் நிறுத்தியதும் அதை முதலாவதுக்கு மாற்றும்படி கட்டளையிடத் தலைவர் இல்லை.

இதில் ஒரு கணக்கை ஒவ்வொருவரும் குறித்து வைக்க வேண்டும். முகாமையாளர் மூவர் என்றால் ஒருவரை இழக்கலாம். ஐவர் என்றால் இருவரை இழக்கலாம். நால்வர் என்றால்? அரைவாசிக்கு மேல் என்பது மூவர். ஆகவே அப்போதும் ஒருவரைத்தான் இழக்கலாம். நான்காவதற்குப் போட்ட காசு வீண். இருவர் என்றால் ஒருவரையும் இழக்க முடியாது. சிலர் "ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கின்றேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். இருவரையும் முகாமையாளராக்கினால் அது ஒன்றைவிட மோசம். எது நின்றாலும் கட்டளை நின்றுவிடும்.

சீ.ஆர். கொப்பியில் எழுதியவை

"நீங்களும் படிங்க மாமா. பயம் போய்டும்" என்றார் மருமகன். ஐம்பத்தெட்டு வயதில் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்தேன். படம் இல்லை, மௌஸ் இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும், பதில் எழுத்தில் வரும். கட்டளை வரி என்று சொல்வது இதைத்தான்.

தொடக்கத்தில் இது பழங்கால வேலை போல் தெரிந்தது. பிறகுதான் அருமை விளங்கியது. எழுத்தில் இருப்பதைக் கொப்பியில் எழுதி வைக்கலாம். தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லலாம். மெதுவான இணைப்பிலும் வேலை செய்யும். கண்டியிலிருந்தும் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான வழியால் கொழும்பு இயந்திரத்துக்குள் நுழையலாம். யார் எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்று பின்னால் பார்க்கவும் வழியுண்டு. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பழகிய எமக்கு இது அந்நியமான முறை அல்ல.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி ஒவ்வொன்றாக எழுதினேன். அதிலிருந்து சிலவற்றை இங்கு தருகின்றேன். ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டிய சொற்களை இங்கு தமிழில் எழுதியிருக்கின்றேன்.

முதலாவது, "டொக்கர் நோட் எல்எஸ்". இது வருகைப் பதிவேடு. இதை முகாமையாளர் இயந்திரத்தில் இருந்துதான் கேட்க முடியும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு வரி வரும். உயிரோடு இருந்தால் "ரெடி", இல்லையென்றால் "டவுன்". அடுத்த நிரலில் அது வேலை எடுக்குமா இல்லையா என்பது. அதற்கும் அடுத்த நிரலில் தலைவருக்கு "லீடர்", மற்ற முகாமையாளருக்கு "ரீச்சபிள்". அந்தச் சனிக்கிழமை நான் இந்த ஒரு கட்டளையை முதலில் கேட்டிருந்தால் இரண்டாவது இயந்திரம் ஏற்கனவே "டவுன்" என்று கண்டிருப்பேன். மூன்றாவதில் கை வைத்திருக்க மாட்டேன். மூன்றாவதை நிறுத்திய பிறகு கேட்டிருந்தால்கூட, தலைவர் இல்லை, முகாமையாளரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் இருக்கின்றார்களா என்று பாருங்கள் என்று இயந்திரமே சொல்லியிருக்கும். கேட்காமல் விட்டது நான்தான்.

இரண்டாவது, "டொக்கர் நோட் அப்டேட் --அவெயிலபிலிட்டி ட்ரெயின்" என்று அடித்து, இறுதியில் இயந்திரத்தின் பெயர். இது வேலையாளை விடுமுறைக்கு அனுப்பும் முறை. லாச்சியைப் பூட்டிக் காசை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்வது போல. அந்த இயந்திரத்தில் ஓடிய வேலைகள் அங்கே நிறுத்தப்பட்டு மற்றவற்றில் தொடங்கும். புதிய வேலை அதற்குக் கொடுக்கப்படாது. அதன் பிறகு இயந்திரத்தை நிறுத்தினால் கடைக்குப் பாதிப்பு வராது. "ட்ரெயின்" என்பதற்குப் பதிலாக "போஸ்" என்று அடித்தால், இருக்கின்ற வேலையைச் செய்துகொண்டிருக்கும், புதியதை மட்டும் எடுக்காது.

இங்கே ஒரு குழி இருக்கின்றது. ட்ரெயின் செய்தாலும் முகாமையாளர் என்ற வகையில் அதன் வாக்கு அப்படியே இருக்கும். இயந்திரத்தை நிறுத்தும்போதுதான் வாக்குப் போகும். ஆகவே இரண்டை ட்ரெயின் செய்துவிட்டேன், இரண்டையும் நிறுத்தலாம் என்று நினைத்தால் என் கதைதான் நடக்கும்.

மூன்றாவது, அதே கட்டளையின் கடைசிச் சொல்லாக "அக்டிவ்". விடுமுறை முடிந்து ஆள் வேலைக்குத் திரும்புவது. ஆனால் போன வேலைகள் தானாகத் திரும்பி வரா. இனி வரும் வேலைதான் கிடைக்கும். ஒரே இயந்திரத்தில் பாரம் குவிந்திருந்தால் "டொக்கர் சேர்விஸ் அப்டேட் --ஃபோர்ஸ்" என்று கொடுத்துப் பிரித்துப் போடச் செய்யலாம். அப்போது ஓடுகின்ற மென்பொருள் நின்று மறுபடி தொடங்கும் என்பதால் கடை மூடிய பிறகுதான் நாம் இதைச் செய்கின்றோம்.

நான்காவது, ஆளைப் பதவி உயர்த்துவதும் இறக்குவதும். "டொக்கர் நோட் ப்ரமோட்" என்றால் சாதாரண வேலையாள் முகாமையாளர் ஆவார். "டிமோட்" என்றால் திரும்பவும் வேலையாள்.

ஐந்தாவது, ஓர் இயந்திரத்தை நிரந்தரமாக விலக்குவது. முதலில் ட்ரெயின். முகாமையாளராக இருந்தால் டிமோட். பிறகு போகும் இயந்திரத்தில் "டொக்கர் ஸ்வோர்ம் லீவ்". கடைசியாக முகாமையாளரிடம் "டொக்கர் நோட் ஆர்எம்" என்று சொல்லிப் பெயரை வெட்டுவது. இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. டிமோட் செய்யாமல் இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டுபோனால், இல்லாத ஆளின் பெயர் பதிவேட்டில் கிடக்கும். கூட்டநடப்பெண்ணைக் கணக்கிடும்போது அந்தப் பெயரும் சேரும். ஊரை விட்டே போனவரின் பெயரைச் சங்க உறுப்பினர் பட்டியலில் வைத்துக்கொண்டு கூட்டநடப்பெண் போதவில்லை என்று தவிப்பது போலத்தான் அது.

ஆறாவது, "டொக்கர் ஸ்வோர்ம் ஜொயின்-டோக்கன்". புதிய இயந்திரம் கூட்டத்தில் சேர்வதற்கான இரகசியச் சொல்லைக் காட்டும் கட்டளை இது. முகாமையாளருக்கு ஒன்று, வேலையாளுக்கு ஒன்று. இது கடைச் சாவி. "--ரொடேட்" என்று சேர்த்தால் பழைய சொல் செல்லாது, புதிது வரும். கணினி வேலை செய்தவர் எம்மை விட்டு விலகும் நாளில் இதையும் நுழைவுச் சாவிகளையும் மாற்ற வேண்டும். யாரையும் சந்தேகிப்பதற்காக அல்ல. காசாளர் மாறும்போது பெட்டகத்தின் இலக்கத்தை மாற்றுவோமே, அதே வழக்கம்தான்.

கட்டளை வரியில் ஒரு பயமும் உண்டு. "உண்மையாகவா?" என்று அது அநேகமாக இரண்டாந்தரம் கேட்காது. சொன்னதைச் செய்துவிடும். ஆகவே என்டர் விசையை அழுத்துமுன் பெயரை வாய்விட்டு வாசிப்பது என்ற வழக்கத்தை வைத்திருக்கின்றோம். காசு எண்ணும்போது வாய்விட்டு எண்ணுவதில்லையா?

கிளஸ்டர் இருந்தால் பிரதி தேவையில்லையா?

இது என்னிடம் பலர் கேட்ட கேள்வி. தேவை, கட்டாயம் தேவை. ட்ரெயின் கட்டளை மென்பொருளை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். ஆனால் அந்த இயந்திரத்தின் தட்டில் எழுதப்பட்டிருக்கும் கணக்கு கூடவே போகாது. ஆள் வேறு கடைக்குப் போகலாம், பேரேடு பழைய லாச்சியிலேயே கிடக்கும்.

அதனால்தான் மருமகன் எமது தரவுத்தளத்தை முதலாவது இயந்திரத்தில் மட்டுமே ஓடும்படி கட்டி வைத்திருக்கின்றார். அந்த இயந்திரத்தை ட்ரெயின் செய்தால் தரவுத்தளத்துக்குப் போக இடமில்லை, அது நின்றுவிடும். ஆகவே முதலாவதில் எந்த வேலை என்றாலும் இரவில்தான். தினமும் இரவில் கணக்கின் பிரதி ஒன்று வேறொரு தட்டுக்கும் இன்னொன்று கண்டிக் கிளைக்கும் போகின்றது. அழியாத பிழை எதுவும் இல்லை, ஆனால் தவறுதலாக அழித்த கணக்கை எந்தக் கிளஸ்டரும் மீட்டுத் தராது. பிரதிதான் தரும்.

சில வாசகர்களின் நிறுவனங்களில் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருள் இருக்கலாம். கூகுள் நிறுவனம் 2014இல் அறிமுகப்படுத்தியது, 2015இல் முதலாவது முழுமையான பதிப்பு வந்தது. பெரிய நிறுவனங்கள் பரவலாகப் பாவிப்பது அதைத்தான். சொற்கள் மாறினாலும் விடயம் ஒன்றுதான். "கியூப் சீ.டீ.எல். கெட் நோட்ஸ்" என்பது வருகைப் பதிவேடு. "கோர்டன்" என்றால் புதிய வேலை எடுக்காதே. "ட்ரெயின்" என்றால் இருப்பதையும் ஒப்படைத்துவிடு. "அன்கோர்டன்" என்றால் வேலைக்குத் திரும்பு. அங்கும் போன வேலை தானாகத் திரும்பாது.

உங்கள் கணினி ஆளிடம் கேட்க வேண்டியவை

எல்லா வியாபாரியும் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஐந்து கேள்விகளையாவது கேளுங்கள்.

1. எத்தனை இயந்திரம் இருக்கின்றது, அவற்றில் எத்தனை முகாமையாளர், எத்தனை நின்றால் பில் நிற்கும்?

2. இந்த நிமிடம் எத்தனை உயிரோடு இருக்கின்றது என்பதை நான் எப்படிப் பார்ப்பது?

3. கணக்கு எந்தத் தட்டில் இருக்கின்றது? அதன் பிரதி எங்கே? பிரதியிலிருந்து கணக்கைத் திருப்பி எடுத்துப் பார்த்தது எப்போது?

4. ஓர் இயந்திரத்தை நிறுத்தும் ஒழுங்கு எழுத்தில் இருக்கின்றதா? அது எங்கே வைக்கப்பட்டிருக்கின்றது?

5. நீங்கள் இல்லாத நாளில் இதைத் தெரிந்த இரண்டாவது ஆள் யார்?

ஐந்தாவது கேள்விக்குத்தான் எம்மில் அநேகரிடம் பதில் இல்லை. எம்மிடமும் இருக்கவில்லை. மருமகன் நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். ஆனால் அவரும் கண்டிக்குப் போவார், சுகவீனம் வரும், நாளைக்கு வெளிநாட்டில் வேலையும் கிடைக்கும். மூன்று இயந்திரம் வைத்த நாங்கள் அவற்றைத் தெரிந்த ஆள் ஒருவரை மட்டும் வைத்திருந்தோம். இயந்திரத்தில் செய்யாத பிழையை ஆளில் செய்தோம். இப்போது எமது காசாளரும் இதைப் படித்திருக்கின்றார். நானும் சேர்ந்தால் மூவர்.

அத்தோடு ஒரு சின்ன ஏற்பாடும் செய்தோம். ஒவ்வோர் இயந்திரத்திலும் ஓர் அட்டை தொங்குகின்றது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. ட்ரெயின் செய்பவர் சிவப்பைத் திருப்பி, திகதியையும் பெயரையும் எழுத வேண்டும். ஒரு சிவப்பு அட்டை தொங்கும்போது வேறு எதையும் யாரும் தொடக்கூடாது, முதலாளி சொன்னாலும் சரி. அந்தக் கடைசி வார்த்தைகளை நான்தான் சேர்க்கச் சொன்னேன்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி கடந்தபின் நாடு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் போனது நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் வந்தது என்று அமைச்சர் சொன்ன அதே நாள். அன்று இருப்பு எண்ணுவதற்காக நானும் இரண்டு ஊழியர்களும் கடையில் இருந்தோம். மருமகன் இல்லை. யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது.

கொப்பியை எடுத்தேன். முதலில் "நோட் எல்எஸ்". மூன்றும் ரெடி. பிறகு "டொக்கர் சேர்விஸ் ஸ்கேல்" என்ற கட்டளையால் பில் மென்பொருளைப் பூச்சியத்துக்கு இறக்கினேன். அடுத்ததாகத் தரவுத்தளம். அது சரியாக மூடிக்கொண்டதைப் பார்த்த பின் மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்று இயந்திரங்களை நிறுத்தினேன். மின்சாரம் வந்து நிலைத்த பிறகு மூன்றையும் போட்டேன். தலைவர் தெரிவானதைத் திரையில் கண்டபின் தரவுத்தளத்தை ஏற்றி, பிறகு பில் மென்பொருளை ஏற்றினேன்.

இரவு மருமகன் தொலைபேசி எடுத்தார். "மாமா, பெட்டி எல்லாம் எப்பிடி?" என்று பதறியபடி கேட்டார்.

"மூனும் ரெடி மகன். ரெண்டாவதுதான் இப்ப லீடர்" என்றேன்.

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

கல்முனை வாடிக்கையாளர் கடந்த பெருநாளைக்கும் எம்மிடம்தான் சரக்கு எடுத்தார். ஓடர் தரும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "நானா, சரக்கு உண்மையா இரிக்கா, கொம்பியூட்டர்ல மட்டும் இரிக்கா?"

நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தே பதில் சொன்னேன்.